இது நமக்குள்ள இருக்கட்டும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனால் பூங்கோதை நாற்பத்து மூவாயிரம் பேரிடம் ஒரு பொய் சொல்வாள். சின்னப் பொய்தான். மழை சீக்கிரம் வந்துவிடும் என்பது.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்த அனந்தவெளி நிறுவனம், 'கரைவெளி' என்ற இணைய விளையாட்டை நடத்தியது. ஆற்றங்கரையில் ஓர் ஊர். ஆளுக்கொரு தோணி, ஒரு வீடு, துண்டு வயல். திருப்பூரிலிருந்து டொராண்டோ வரைக்கும் ஆட்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வயலை உழுதார்கள். எல்லாம் இருந்தது, மழை மட்டும் இல்லை. மழை வரப்போகிறது என்று நிறுவனம் விளம்பரம் செய்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மழையைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் வேலையை விட்டுவிட்டுப் பெங்களூர் போய்விட்டான். போகும்போது அவன் எழுதி வைத்ததை இருந்தவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். மழை கீழேயிருந்து மேலே பெய்தது.

இதையெல்லாம் வெளியில் சொல்ல முடியுமா? அதற்குப் பதிலாகத்தான் வாரம் ஒரு மணி நேரம் நேரலை. பூங்கோதை கேமரா முன்னால் உட்கார்ந்து, விளையாடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வாள். முன்பு பண்பலை வானொலியில் காலை நேரத்தில் பேசிக்கொண்டிருந்தவள். குரல்தான் அவள் தொழில். "உங்க குரல் எங்களுக்குக் கேக்குதுங்க" என்று அவள் சொன்னால், கேட்டவனுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். பிறகுதான் அவள் ஒன்றுமே சொல்லவில்லை என்பது தெரியும். அதற்குள் மணி ஏழாகிவிடும்.

நிறுவனத்தின் முதலாளி கிருபாகரன். அவருடைய அட்டையில் 'தலைமைக் கனவு அலுவலர்' என்று அச்சிட்டிருக்கும். கழுத்தில் எப்போதும் ஒரு பெரிய ஹெட்போன் தொங்கும். அதன் வயரின் மறுமுனை எதிலும் செருகியிருந்து யாரும் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, தலைவலியோடு உட்கார்ந்திருந்த பூங்கோதை, மழை எப்போது வரும் என்று நூறாவது தடவையாகக் கேட்ட ஒருவருக்கு "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டாள். பதினோரு விநாடியில் நாலாயிரம் பேர் நேரலையை விட்டு எழுந்து போனார்கள். கிருபாகரன் அந்த வரைபடத்தை அச்செடுத்து, செங்குத்தாக இறங்கும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, கூட்ட அறைச் சுவரில் ஒட்டினார். அடுத்த மாதமே மென்பொருள் பிரிவு நிஜாம் 'முகாமுகம்' என்ற ஒன்றை எழுதி முடித்தான். வெளிச்சத்தைச் சரி பண்ணும், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை எடுக்கும், பேச்சைக் கொஞ்சம் மெருகேற்றும் என்று அவளிடம் சொன்னார்கள். ஒன்பது பக்கக் காகிதம் ஒன்றில் கையெழுத்துக் கேட்டார்கள். கருவளையத்தை நினைத்துக்கொண்டு அவள் போட்டுக் கொடுத்தாள்.

அதற்கப்புறம்தான் உலகம் அவளிடம் ஒரு மாதிரியாக நடந்துகொள்ள ஆரம்பித்தது.

மருந்துக் கடைக்காரர் மீதிச் சில்லறையோடு ஒரு தைலத்தையும் நீட்டி, முட்டி வலி பரவாயில்லையா என்று விசாரித்தார். அவளுக்கு முட்டி வலியே கிடையாது. காந்திபுரம் பேருந்தில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, பி.காம். படிப்பை விட்டுவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னான். அவள் சொன்ன மாதிரியே செய்துவிட்டானாம். நான் எப்போது சொன்னேன் என்று கேட்டதற்கு அவன் ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

"சரிங்க்கா, சரிங்க்கா. இது நமக்குள்ள இருக்கட்டும்."

பூங்கோதை தனக்குத்தான் ஞாபகம் தப்புகிறது என்று நினைத்தாள். டாக்டரிடம் போனாள். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, பி12 குறைவு என்று மாத்திரை தந்தார். அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஞாபகம் இருந்த விஷயங்கள் இன்னும் நன்றாக ஞாபகம் இருந்தன. சொல்லாத விஷயங்கள் மட்டும் வரவே மாட்டேன் என்றன.

ஆடி பாதியில் பத்திரிகைகள் வந்தன. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பதினான்கு கல்யாணப் பத்திரிகைகள், ஒரே வாரத்தில், அலுவலக முகவரிக்கு. பதினான்கிலும் 'வாழ்த்துரை' என்ற இடத்தில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. ஒன்றில் அவளுக்கு 'கலைமாமணி' பட்டம்கூடப் போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே நாள், ஒரே காலை ஆறு முதல் ஏழரை. பவானி, பல்லடம், காங்கேயம், ஒன்று திருச்செங்கோடு. ஒவ்வொன்றின் மூலையிலும் பேனாவால் ஒரு வரி: 'சொன்னபடி கண்டிப்பா வந்துருங்க்கா.'

அவள் பதினான்கையும் அடுக்கி எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். நிஜாம் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பத்திரிகைகளைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான். உக்கடத்துக்காரன், பொய் சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டிய கட்டம் வந்தால் கீழே குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவான். அன்றைக்குச் செருப்புப் போட்டிருந்தான். வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டான்.

"நீங்க ஒரு மணி நேரம் பேசறீங்கல்ல மேடம், அது மாவு. அத வெச்சு முகாமுகம் அவங்கவங்க தட்டுல அவங்கவங்களுக்குப் புடிச்ச மாதிரி ஊத்திக் குடுக்குது. ஒருத்தருக்கு ஊத்தப்பம், ஒருத்தருக்கு முறுகல்."

"நான் பேசறது யாருக்குமே போறதில்லையா?"

"மாவை யாரு மேடம் அப்படியே சாப்பிடுவாங்க?"

பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பூங்கோதை. அவள் முகம், அவள் குரல், அவள் சிரிப்பு. அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும், குசலம் விசாரிக்கும், போன வாரம் பேசியதை ஞாபகம் வைத்திருக்கும். இரண்டே இரண்டு வார்த்தை மட்டும் அதற்கு வராது. 'தெரியாது', 'முடியாது'. அந்தப் பதினோரு விநாடிக்குப் பிறகு அந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் யார் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறது.

ஒரு ஆளுக்குக்கூடவா சந்தேகம் வரவில்லை, நாற்பத்து மூவாயிரம் பேர் பார்க்கும் நேரலையில் இவள் நம்மிடமே ஒரு மணி நேரம் பேசுகிறாளே என்று ஒருத்தருக்குமா தோன்றவில்லை, என்று அவள் கேட்டாள். நிஜாம் சங்கடமாகச் சிரித்தான்.

"ஒவ்வொருத்தரும் அக்காவுக்கு நம்மளத்தான் ரொம்பப் புடிக்கும்னு நெனச்சுக்கறாங்க மேடம். அதுல யாரு சந்தேகப்படுவா? மத்தவங்களுக்குத் தெரிஞ்சா பொறாமைப்படுவாங்க, இது நமக்குள்ள இருக்கட்டும்னு நீங்களே சொல்லி வெச்சிருக்கீங்க."

அவள் நேராகக் கிருபாகரன் அறைக்குப் போனாள். நிஜாமும் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றுகொண்டான். கிருபாகரன் கோபப்படவில்லை. மனித குலம் இதுவரை ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதே இல்லை, இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறது என்கிற மாதிரி பத்து நிமிடம் சொன்னார். பத்திரிகை அனுப்பியவர்களுக்கு அழகான வாழ்த்து மடல் ஒன்று போகட்டும், ஒரு இடத்துக்கும் அவள் நேரில் போகக் கூடாது என்றார். போனால் அவர்களிடம் என்ன பேசியிருக்கிறோம் என்று அவளுக்கே தெரியாதே.

"கனவுக்குக் கால் முளைக்கக் கூடாது, கோதை" என்று முடித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியவில்லை.

இது பித்தலாட்டம் இல்லையா என்று அவள் கேட்டாள். அவர் உண்மையிலேயே அடிபட்ட மாதிரி பார்த்தார்.

"போன வெள்ளிக்கிழமைகூட நீங்கதான கோதை சொன்னீங்க? முகாமுகம்தான் என் வாழ்நாள் சாதனை, என்ன மாதிரி ஒரு தலைவர்கிட்ட வேலை பாக்கறது குடுப்பினைன்னு."

"எங்க சொன்னேன்?"

"நேரலைலதான். நான் ஒரு வாரம்கூட விட்டதில்லையே."

"சார், அது நகல்."

"மத்தவங்களுக்கு வர்றது நகல். எனக்கு வர்றது ஒரிஜினல்" என்றார் கிருபாகரன். "நான் தலைமையில்லையா?"

நிஜாம் குனிந்து இல்லாத கயிற்றைத் தேடினான்.

வியாழக்கிழமை மத்தியானம் வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். இருபத்தாறு வயது இருக்கும் ஒரு பெண் எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் இரண்டு வருடப் பழக்கம் இருந்தது. பெயர் மகுடேஸ்வரி, உடுமலைப்பேட்டையில் ஒரு நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கிற வேலை என்பதெல்லாம் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்துத்தான் பூங்கோதைக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி காட்டிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் வழி தெரியவில்லை. நடுவில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கெழம பத்தரைக்குங்க்கா. நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் முடிஞ்சுதுங்க. சாட்சி மூணு பேரு வேணும். ரெண்டு பேரு ஹாஸ்டல் புள்ளைங்க. மூணாவது நீங்க. ஆதார் ஒரிஜினல் மறந்துராதீங்க."

பூங்கோதை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மகுடேஸ்வரி அதற்குள் மீதியையும் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை பெலிக்ஸ், தாராபுரத்தில் பைக் உதிரிபாகக் கடை. கரைவெளியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தோணித்துறை, அப்படித்தான் பழக்கம். உடுமலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒட்டிய நோட்டீஸை இருபத்தெட்டாவது நாள் அவளுடைய தாய்மாமன் படித்துவிட்டார். அன்றைக்கே அவள் ஒரு பையோடு ஹாஸ்டலுக்கு வந்துவிட்டாள். மாமா ஹாஸ்டலைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு வாரம் ஆகும். தெரிந்தவர்கள் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போட வரமாட்டேன் என்கிறார்கள், மாமாவைப் பகைத்துக்கொள்ள முடியாதாம்.

"திங்கக்கெழம தவறுச்சுன்னா அவ்வளவுதானுங்க்கா. அடுத்த வாரம் என்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. நீங்க வர்றேன்னு சொன்ன தைரியத்துலதான் இத்தன தூரம் வந்தேன்."

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டவள், கதவுவரை போய்த் திரும்பி, "அந்த நீலப் பொடவைல வாங்க்கா, சொன்னீங்கல்ல" என்றாள். பூங்கோதையிடம் நீலப் புடவை கிடையாது.

திங்கட்கிழமை காலை பல்வலி என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு, பச்சைச் சுடிதாரில் உடுமலைப் பேருந்து ஏறினாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தது அவள் இல்லை. ஆனால் கொடுத்த வாய் அவளுடைய வாய். முகத்தை வாடகைக்கு விட்டவள் அந்த முகம் சொன்னதற்குப் போய் நிற்க வேண்டுமா வேண்டாமா என்று பொள்ளாச்சி வரைக்கும் யோசித்தாள். பொள்ளாச்சி தாண்டியதும் தூங்கிவிட்டாள்.

ஆடி மாதம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தின் திருமணப் பக்கம் வெறிச்சென்று கிடந்தது. மகுடேஸ்வரியும் ஹாஸ்டல் பெண்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மகுடேஸ்வரி மடியில் இரண்டு மாலைகள் ஒரு பையில் இருந்தன. மாப்பிள்ளை உள்ளே வரவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் பைக்கில் சாய்ந்துகொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். அரை மணி நேரமாக அப்படித்தான் நிற்கிறான், கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறான் என்றாள் மகுடேஸ்வரி.

பூங்கோதை வெளியே போனாள். அவளைப் பார்த்ததும் பெலிக்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றினான். கண் சிவந்திருந்தது.

"நீங்களுமா இங்க வந்தீங்க?" என்றான். "ஒரு வருசம் பொறு, தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அவசரப்படாதேன்னு வாரா வாரம் எங்கிட்ட சொல்லிப்போட்டு, இன்னிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருக்கீங்க. என்னக்கா இது?"

பின்னால் வந்து நின்ற மகுடேஸ்வரிக்கு இது காதில் விழுந்துவிட்டது. அவள் பூங்கோதையைப் பார்த்தாள்.

"பயப்படாத, பண்ணிக்கோன்னுதானக்கா எங்கிட்டச் சொன்னீங்க? தேதி குறிச்சதே நீங்கதான?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே அக்கா. இரண்டு வருடமாக இருவரும் ஒருவரிடம் ஒருவர் ஆயிரம் விஷயம் பேசியிருந்தார்கள், இதை மட்டும் பேசவில்லை. நமக்குள்ள இருக்கட்டும் என்று அவள் சொல்லியிருந்தாளே.

பூங்கோதை சொல்லிவிட்டாள். வேப்ப மரத்தடியில், பைக்குக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, மாவு, ஊத்தப்பம், முறுகல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் சொல்வது தனக்கே நம்பும்படியாக இல்லை என்று பட்டது. ஹாஸ்டல் பெண்களில் ஒருத்தி, கையெழுத்துப் போடப் பயந்து கதை விடுகிறாள் என்று மற்றவளிடம் முணுமுணுத்தாள்.

பெலிக்ஸ் வெகுநேரம் ஹெல்மெட்டின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தான்.

"எங்கப்பன் செத்தப்ப நான் பேசினது?" என்றான்.

"எங்கிட்ட இல்லைங்க, தம்பி."

"அழுதீங்களே."

"நான் அழுகலைங்க."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அப்பனோடு சேர்த்து இன்னொருவரையும் இப்போது அடக்கம் செய்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தது முகம். உள்ளே குமாஸ்தா, பத்தரைக்காரங்க வரலாம் என்று குரல் கொடுத்தார். யாரும் நகரவில்லை.

"செரி. அதெல்லாம் போகட்டும்" என்றான் பெலிக்ஸ். "இப்ப நேர்ல நிக்கறீங்கல்ல. இப்பச் சொல்லுங்க. பண்ணிக்கறதா, பொறுக்கறதா?"

பூங்கோதையின் வாயில் 'கண்டிப்பா' என்ற வார்த்தை தயாராக வந்து நின்றது. பன்னிரண்டு வருடத் தொழில். கேட்டவனின் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு எது வேண்டும் என்று நாக்குக்குத் தெரியும். அவள் அதை விழுங்கினாள்.

"எனக்குத் தெரியாது தம்பி" என்றாள். "உங்க ரெண்டு பேரையுமே எனக்குத் தெரியாது."

பெலிக்ஸ் நிமிர்ந்து பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை போலிருந்தது. பிறகு மெதுவாக, நம்பத் தொடங்கினான்.

"ரெண்டு வருசத்துல இந்த வார்த்தைய நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லீங்க்கா" என்றான்.

கேட்பதற்கு வேறு ஆள் இல்லாமல், அவன் மகுடேஸ்வரி பக்கம் திரும்பினான்.

"நீ என்ன சொல்ற?"

"ரெண்டு மாசமா இத எங்கிட்ட எப்பக் கேப்பேன்னு பாத்துட்டு இருக்கேன்" என்றாள் அவள். "நீ ஊர்ல இருக்கற அக்காவையெல்லாம் கேட்டுட்டு வர்ற."

அவன் ஹெல்மெட்டைப் பைக் கண்ணாடியில் மாட்டினான். மாட்டிவிட்டு உள்ளே நடந்தான்.

சார்பதிவாளர் சாட்சிகளின் ஆதாரைச் சரிபார்த்துவிட்டு, மூன்றாவது சாட்சியிடம், மணமக்களை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார். இரண்டு வருடம் என்றாள் மகுடேஸ்வரி. வியாழக்கிழமையிலிருந்து என்றாள் பூங்கோதை. பத்து நிமிஷமாகத்தான் என்றான் பெலிக்ஸ். அவர் கண்ணாடியைக் கழற்றி மூவரையும் பார்த்தார்.

"தெரியுமா, தெரியாதா? அதச் சொல்லுங்க போதும்."

"இப்போ தெரியும்" என்று சொல்லிப் பூங்கோதை கையெழுத்துப் போட்டாள்.

முத்திரை குத்திக்கொண்டே குமாஸ்தா அவள் பெயரைப் படித்தார், முகத்தைப் பார்த்தார், குனிந்து தாழ்ந்த குரலில், மழை ஆவணியில் வந்துவிடும் என்று அவருக்கு மட்டும் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிவித்தார்.

வெள்ளிக்கிழமை, நேரலைக்குக் கால் மணி நேரம் முன்னால், நிஜாம் ஒரு தேநீரோடு ஸ்டுடியோவுக்கு வந்தான். அவள் கேட்டிருந்ததைக் கணினியில் தேடிப் பார்த்துவிட்டிருந்தான். பெண்ணுக்குப் பண்ணிக்கொள் என்றும் பையனுக்குப் பொறு என்றும் ஏன் சொன்னது? அவரவர் கேட்க விரும்பியதைத்தான் சொன்னதா?

"அப்படித்தான் நானும் நெனச்சேன் மேடம். இல்ல. அந்தப் பையன் பண்ணிக்கறேன்னுதான் முதல்ல வந்தான். அதுதான் அவனைப் பொறுக்க வெச்சது."

"எதுக்கு?"

"இத யாரும் எழுதலைங்க, அதுவா கத்துக்கிச்சு. விளையாட்டுல பழகின ரெண்டு பேரு கல்யாணம் பண்ணிக்கிட்டா, நாப்பது நாளைக்குள்ள ரெண்டு பேருமே நேரலைய விட்டுப் போயிடறாங்க. ஒரே வீட்டுல ரெண்டு போன். ஒருத்தருக்கு நீங்க சொல்றது இன்னொருத்தருக்குக் காதுல விழுமில்ல? பொண்ணுகிட்ட வேண்டாம்னு சொன்னா அது போயிடும், பையன்கிட்டயும் பண்ணிக்கோன்னு சொன்னா கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பேருமே போயிடுவாங்க. கல்யாணம் பேச்சளவுலயே இருந்தா ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை தவறாம வருவாங்க."

"இது மாதிரி எத்தனை ஜோடி?"

"எண்ணூத்திச் சொச்சம்."

அவள் தேநீரைக் குடிக்காமல் மேசைமேல் வைத்தாள். பிறகு, அப்படியானால் சாட்சிக்கு வருகிறேன் என்று ஏன் சொன்னது, அதில் அதற்கு என்ன லாபம் என்று கேட்டாள்.

"சாட்சி வரலைன்னா கல்யாணம் நிக்கும்ல? நம்மூர்ல கண்டிப்பா வர்றேன்னு சொல்றவங்க பாதிப்பேரு வரமாட்டாங்கன்னு அதுக்குத் தெரியும் மேடம்" என்றான் நிஜாம். "நீங்க போவீங்கன்னு மட்டும் தெரியல."

ஆறு மணி. விளக்கு எரிந்தது. எதிரே திரையின் மூலையில் எண்ணிக்கை ஏறி, நாற்பத்து மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறில் நின்றது.

பூங்கோதை வணக்கம் சொன்னாள். குரல் எங்களுக்குக் கேட்கிறது என்று சொல்லவில்லை. மழை எப்போது வரும் என்று தனக்குத் தெரியாது என்றாள். வராமலே போகலாம் என்றாள். மழை செய்யத் தெரிந்தவன் பெங்களூரில் இருக்கிறான் என்றாள். இப்போது நீங்கள் பார்ப்பது நான் இல்லை, நான் உங்களில் ஒருவரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை, யார் படிப்பையும் விடச் சொல்லவில்லை, என் முட்டி நன்றாக இருக்கிறது என்றாள். தெரியாது, தெரியாது, முடியாது என்று மூன்று தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற நிஜாம் கண்களை மூடிக்கொண்டான்.

பதினோரு விநாடி ஆனது. எண்ணிக்கை அசையவில்லை. திரை நிறையச் சிவப்பு இதயங்கள் மேலே மிதந்து போயின. கிருபாகரன் தன் அறையில் போனைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. நெஞ்சில் கைவைத்து, யாருக்கோ நன்றி சொல்கிற மாதிரி தலையைத் தாழ்த்தினார்.

மடியில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. மகுடேஸ்வரி ஒரு படம் அனுப்பியிருந்தாள். புது வீட்டுத் தரையில், இன்னும் பிரிக்காத குக்கர் பெட்டியில் சாய்த்து வைத்த இரண்டு போன்கள். இரண்டிலும் பூங்கோதை. ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள், ஒருத்தி கண் கலங்கியிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: 'எனக்கு ஆவணில மழைங்கறீங்க. இவருக்கு ஐப்பசிங்கறீங்க. நெசமா என்னங்க்கா சொன்னீங்க?'

பூங்கோதை கேமராவைப் பார்த்தபடியே மேசைக்கு அடியில் தட்டினாள். 'தெரியாதுன்னு சொன்னேன்.'

பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. எண்ணிக்கை மட்டும் ஒரு தடவை துடித்து, நாற்பத்து மூவாயிரத்து இருநூற்றுப் பதினான்கு ஆனது.

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து பத்திரிகைகளை எடுத்து, கேமராவுக்கு நேராகவே மேசைமேல் பரப்பினாள். பதினான்கில் ஒன்பதில், மாப்பிள்ளை பெயருக்குக் கீழேயும் பெண் பெயருக்குக் கீழேயும் ஆளுக்கொரு தோணியின் படம் போட்டிருந்தார்கள். இருவருமே கரைவெளிக்காரர்கள், முகாமுகத்தின் எல்லாத் தடையையும் தாண்டி நாள் குறிக்கிறவரை வந்துவிட்டவர்கள். ஒன்பது மண்டபம், ஒன்பது ஊர், ஒரே முகூர்த்தம். வாழ்த்துரையில் சொல்வதற்கு ஒரே வரிதான் இருந்தது: வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்பது இடத்துக்கும் எப்படிப் போய்ச் சேருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்பத்து மூவாயிரத்து இருநூற்றுப் பதினான்கு பூங்கோதைகள் ஆவணியில், ஐப்பசியில், தை பிறந்ததும் என்று மழைக்கு நாள் சொல்லிக்கொண்டிருக்க, அவள் முதல் பத்திரிகையை எடுத்து, பல்லடத்துக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று போனில் தேட ஆரம்பித்தாள்.